அவசரச் சாப்பாடும் ஆரோக்கியமும்: தங்கவயல் வீடுகளுக்குச் சில மாற்று யோசனைகள்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் மூன்றுக்கு நம் முன்னோர் மருந்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த மருந்து திரிகடுகம். ஏலம் முதலான ஆறு சரக்குகள் சேர்ந்தது ஏலாதி. ஐந்து சிறு செடிகளின் வேர் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலாதி பாடிய கணிமேதாவியாரும் சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும் சமணப் புலவர்கள் என்பதில் எங்களைப் போன்ற தமிழ்ச் சமணர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் புரட்டினால், பத்தில் ஆறு குறள் சாப்பிடும் முறையைப் பற்றியே பேசுகிறது. முன்னே சாப்பிட்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பிறகு சாப்பிடு, அளவோடு நிறுத்து என்பதே அவற்றின் சாரம்.

இதையெல்லாம் மேடையில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் கையில் சிப்ஸ் பாக்கெட், நம் கையில் டீயும் கிரீம் பிஸ்கெட்டும். பழம்பெருமை ஒரு பக்கம், பாக்கெட் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இன்றைக்கு நம் வீட்டு அடுப்படியில் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. காலேஜ் வாசலை மிதித்தவனும் இல்லை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து இராபர்ட்சன்பேட்டையில் தானியக் கடை வைத்த குடும்பம் எங்களுடையது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கிடைத்த புத்தகத்தைப் படித்துப் படித்துச் சேர்த்த அறிவுதான் என்னுடையது. ஆனால் ஒரு கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது டாக்டரை விட அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அவசரம் எப்படி வந்தது

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தார்கள். அதிலிருந்து வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் இந்த ஊரை நிரப்பினார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் வீட்டில் ஒருவர் ஷிப்டுக்குப் போவார், வீட்டில் அடுப்பு எரியும். மாதத்துக்கு ஒருமுறை ராகி, அரிசி, துவரை, கொள்ளு, வேர்க்கடலை என்று மூட்டையாக வாங்குவார்கள். சம்பளத்தன்று கணக்குத் தீரும்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு தங்கவயலின் பிழைப்பு ரயிலில் ஏறிவிட்டது. மாரிகுப்பத்திலிருந்தும் சாம்பியன், உரிகம், கோரமண்டலம் நிலையங்களிலிருந்தும் விடிவதற்கு முன்பே ரயிலேறிப் பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய் வேலை செய்து, ராத்திரி திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். புருஷனும் பெண்சாதியும் இரண்டு பேருமே ரயிலேறுகிற வீடுகள் பல. பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள். மூட்டை வாங்கிய வீடு பாக்கெட் வாங்க ஆரம்பித்தது இப்படித்தான். யாரும் சோம்பேறித்தனத்தால் மாறவில்லை.

கடைக்கு வருகிற ஒரு அம்மாவிடம் ராகி நல்லது என்று ஒருநாள் சொன்னேன். "ஐயா, நாலு மணிக்கு ரயிலுக்கு ஓடறேன். மூணு மணிக்கு எந்திரிச்சு களி கிண்டச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்டக் கூடாது.

பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு நாடு முழுக்க நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 15.3 பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இரத்த அழுத்தம் நூற்றுக்கு 35 பேருக்கு மேல். எங்கள் அண்ணார் சர்க்கரையால் கால் விரல் இரண்டை இழந்தவர். கடைசி வரை அவர் தினமும் டீயோடு உப்பு பிஸ்கெட் சாப்பிட்டார். "இது இனிப்பு இல்லையே" என்பார். மைதா மாவு வயிற்றுக்குள் போனால் சீக்கிரமே சர்க்கரையாகத்தான் மாறும் என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

அவசரச் சாப்பாடு நமக்குப் புதிது இல்லை

நம் ஆட்கள் அவசரத்தை இப்போதுதான் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டுச்சோறு என்பது என்ன? வழியில் கெடாமல் இருக்கப் புளியும் எண்ணெயும் சேர்த்த பயணச் சாப்பாடு. பழைய சோறு காலையில் அடுப்பு மூட்டாமல் சாப்பிடுவது. வற்றலும் வடகமும் வெயிலில் செய்து வைத்த முன்னேற்பாடு. கன்னடத்துக் கிராமங்களில் உரிஹிட்டு என்று ஒன்று உண்டு. ராகியைப் பொரித்து மாவாக்கி டப்பாவில் வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது பாலோ மோரோ விட்டுப் பிசைந்தால் சாப்பாடு தயார். அடுப்பே வேண்டாம்.

பிற்காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. பெங்களூரில் 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகத்தார், இரண்டாம் உலகப்போரில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்ததாகவும், அதுவே ரவா இட்லி ஆனதாகவும் சொல்கிறார்கள். பஞ்சத்துக்குச் செய்த மாற்று இன்றைக்கு விருந்துப் பலகாரம். மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961 முதல் இராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடமும், கெடாத, சீக்கிரம் தயாராகிற உணவுகளுக்காகவே வேலை செய்து வருகின்றன.

ஆகவே 'அவசரச் சாப்பாடு' என்ற சொல்லே கெட்ட சொல் இல்லை. பழைய அவசரச் சாப்பாட்டில் வறுத்தல், ஊறவைத்தல், புளிக்கவைத்தல், காயவைத்தல் ஆகிய நான்கும் வேலை செய்தன. புதிய அவசரச் சாப்பாட்டில் அந்த வேலையைப் பெரும்பாலும் எண்ணெய், உப்பு, சர்க்கரை, மைதா நான்கும் செய்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான். ரவா இட்லி நிலைத்ததற்குக் காரணம் அது ருசியாகவும் சுலபமாகவும் இருந்தது. எந்த மாற்றும் பழையதைப் போலவே ருசியாக, சுலபமாக, கட்டுப்படியான விலையில் இருந்தால்தான் வீட்டில் நிற்கும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

முதலில் பாக்கெட்டைப் படிப்போம்

மாற்றுவதற்கு முன்னால் எதை மாற்றுகிறோம் என்று தெரிய வேண்டும். பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விஷயம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து இடத்தைப் பாருங்கள்.

1. சேர்மானப் பட்டியல். எடை அதிகமான பொருள் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். 'ராகி பிஸ்கெட்' என்று பெரிய எழுத்தில் போட்டுப் பட்டியலில் மைதா முதலில், சர்க்கரை இரண்டாவது, பாமாயில் மூன்றாவது என்று இருந்தால் அது மைதா பிஸ்கெட்தான்.

2. சோடியம். மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். பெரியவர் ஒருவர் நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பாக்கெட்டில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. நாள் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே தீர்ந்தது.

3. எந்த அளவுக்குக் கணக்கு. சிலர் 'ஒரு பரிமாறல் 15 கிராம்' என்று சின்ன அளவுக்குக் கணக்குப் போடுவார்கள். நம் பிள்ளை சாப்பிடுவதோ முழுப் பாக்கெட். நூறு கிராம் கணக்கைப் பார்த்து ஒப்பிடுவதே சரி.

4. சர்க்கரையின் வேறு பெயர்கள். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் எல்லாம் சர்க்கரை வீட்டுச் சொந்தக்காரர்களே.

5. 'நோ கொலஸ்ட்ரால்' என்ற வாசகம். செடியிலிருந்து வரும் எண்ணெய் எதிலும் சொல்லும்படியாக கொலஸ்ட்ரால் கிடையாது. இல்லாததை இல்லை என்று சொல்வதில் என்ன பெருமை?

பச்சைப் புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சைவம் என்பதற்கு மட்டும் அடையாளம். நல்ல உணவு என்பதற்கு அல்ல. எங்கள் வீட்டில் கிழங்கு வகை சேர்ப்பதில்லை, அதனால் உருளைக்கிழங்கு சிப்ஸ் உள்ளே வந்ததில்லை. அதற்குப் பதிலாக வாழைக்காய் சிப்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது! விரதம் காப்பாற்றப்பட்டது, எண்ணெயும் உப்பும் அப்படியே இருந்தன.

காலை வேளை

நூடுல்ஸ் ஏன் இரண்டு மூன்று நிமிஷத்தில் வேகிறது தெரியுமா? அது ஏற்கெனவே வெந்தது. மைதாவைப் பிசைந்து இழையாக்கி, ஆவியில் வேகவைத்து, பெரும்பாலும் எண்ணெயில் பொரித்து ஈரத்தை எடுத்துவிடுகிறார்கள். உப்பில் பெரும்பங்கு அந்தச் சின்ன மசாலாப் பொட்டலத்தில் இருக்கிறது.

அவலும் ஏற்கெனவே வெந்ததுதான். நெல்லை ஊறவைத்து, சூட்டில் வறுத்து, தட்டையாக்குகிறார்கள். எண்ணெய் கிடையாது. ஆகவே நூடுல்ஸுக்குச் சரியான மாற்று அவல். கெட்டி அவலைக் கழுவிப் பத்து நிமிஷம் வைத்துவிட்டுப் பல் துலக்கப் போங்கள். கடுகு, கறிவேப்பிலை, ஒரு பிடி வேர்க்கடலை தாளித்து, பட்டாணியோ குடமிளகாயோ போட்டு அவலைப் புரட்டி, இறக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தால் வேலை முடிந்தது. எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. அதே வேளையில் டீ குடித்தால் அந்தப் பலன் குறையும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது உத்தமம்.

பிள்ளைகள் நூடுல்ஸே வேண்டும் என்று அடம் பிடித்தால் சண்டை வேண்டாம். வாரத்தில் ஒருநாள், மசாலாப் பொட்டலத்தில் பாதி, பாத்திரத்தில் சரிபாதி காய்கறி என்று ஒப்பந்தம் போடுங்கள். மற்ற நாளில் ராகி சேமியா. அதை ஐந்து நிமிஷம் நனைத்து ஆவியில் வேகவைத்துத் தாளித்தால் இழை இழையாகவே வரும். பிள்ளைக்கு இழைதான் ஆசை.

களி கிண்ட நேரம் இல்லை என்ற அம்மாவுக்கு நான் சொன்ன பதில் ராகி தோசை. இரண்டு பங்கு இட்லி மாவில் ஒரு பங்கு ராகி மாவைக் கலந்து ராத்திரியே வைத்துவிட்டால் காலையில் தோசை ஊற்ற வேண்டியதுதான். இட்லி மாவு அரைக்கவும் நேரம் இல்லையென்றால் பாக்கெட் மாவு வாங்குவதில் தப்பில்லை. அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு தவிர வேறு எதுவும் பட்டியலில் இல்லாத மாவாகப் பாருங்கள். அவசர உணவுகளில் அது நல்ல ஜாதி.

ராகியைப் பற்றி ஒரு குறிப்பு

நம் கோலார் ஜில்லாவின் தானியம் ராகி. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பாலிஷ் போட்ட பச்சரிசியில் அது பத்துக்கும் கீழே. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், அரிசியில் மூன்றுக்குள். கர்நாடகத்து விஞ்ஞானி லட்சுமணையா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து 'இண்டாஃப்' ரகங்களை உருவாக்கியதால்தான் விளைச்சல் பெருகியது. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளிலும் ராகிக்கு மவுசு வந்துவிட்டது. ராகி துண்கிறவன் ஏழை என்று ஒரு காலத்தில் கேலி செய்தவர்கள் இப்போது வண்ணப் பாக்கெட்டில் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ராகியில் புரதம் அரிசியை விட அதிகம் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நைஸாக அரைத்து, வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். களியாகவோ அடையாகவோ, பருப்போ கீரையோ தொட்டுக்கொண்டு, அளவாகச் சாப்பிட வேண்டும். ராகிக்குப் புரதத்துணை கொள்ளு. நூறு கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். களிக்குக் கொள்ளுச் சாறு என்று சேர்த்து வைத்த நம் பாட்டிகள் அட்டவணை படித்தவர்கள் இல்லை, ஆனால் கணக்கு சரியாக இருக்கிறது.

பள்ளிக்கூட டப்பா

பிள்ளைகளுக்குச் சிப்ஸில் என்ன பிடிக்கிறது? மொறுமொறுப்பு, உப்பு, புளிப்பு, காரம். இந்த நாலையும் கொடுத்துவிட்டால் பொருளை மாற்றலாம்.

பொரி மிக்ஸர் அதற்குத் தோதானது. வெறும் வாணலியில் பொரியைச் சூடு காட்டி மொறுமொறுப்பாக்குங்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கறிவேப்பிலை, மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டு, பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் பொரியும் சேர்த்துப் புரட்டி, ஆம்சூர்ப் பொடி தூவுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா செய்தால் வாரம் முழுக்க வரும். காரா மிக்ஸரில் ஒவ்வொரு பொருளும் எண்ணெயில் முங்கி எழுந்தது. இதில் மொத்தத்துக்கும் இரண்டு ஸ்பூன். பொரி மட்டும் தின்றால் அது வெறும் அரிசிதான். கடலை சரிக்குச் சரி இருக்க வேண்டும்.

வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் போதும். அதில் ஏழு கிராம் புரதமும் சுமார் 170 கலோரியும் இருக்கின்றன. நல்ல பொருள் என்று கால் கிலோ தின்றால் நல்லது நல்லதாக இருக்காது.

வியாபாரி என்ற முறையில் ஒரு கணக்கு. பத்து ரூபாய் பாக்கெட்டில் 20 கிராம் சிப்ஸ் என்றால் கிலோ 500 ரூபாய் ஆகிறது. வேர்க்கடலையை நல்ல ரகமாகப் பார்த்து வாங்கினாலும் அதில் பாதிகூட ஆகாது. பாக்கெட் மலிவு என்பது கண்ணுக்குத் தெரியும் மலிவு, கணக்குக்கு நிற்காது. இதைச் சொன்னால் நமக்கே வியாபாரம் கெடாதா என்று எங்கள் பையன் கேட்கிறான். பாக்கெட் போனால் கடலை போகும், கடைக்கு நஷ்டம் இல்லை.

சாயங்காலம்

சாயங்காலம் என்றால் பஜ்ஜி, போண்டா, பப்ஸ், பானிபூரி.

போண்டாவுக்கு மாற்று குழிப்பணியாரம். அதே மாவுதான், பணியாரக் கல்லில் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. கடையில் பஜ்ஜி வாங்குவதானால் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட பொருட்கள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்து 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. வீட்டிலும் பொரித்த எண்ணெயை வடிகட்டி, தாளிக்க மட்டும் உபயோகித்து, இரண்டொரு நாளில் தீர்த்துவிடுங்கள். புது எண்ணெயோடு கலந்து மறுபடி பொரிக்க வேண்டாம்.

பானிபூரியை விட முடியுமா? பக்கத்துப் பங்காரப்பேட்டைப் பானிபூரி தெளிந்த தண்ணீர் போன்ற ரசத்துக்குக் கர்நாடகம் முழுக்கப் பேர் வாங்கியது. எனவே விடச் சொல்ல மாட்டேன். வீட்டில் செய்யும்போது பூரியை நாலாகக் குறைத்து, வெந்த பட்டாணியைக் கிண்ணம் நிறையப் போட்டு, பூரியை அதன்மேல் நொறுக்கிப் போடுங்கள். ருசி ரசத்தில் இருக்கிறது. எண்ணெய் பூரியில் இருக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் நம் ஊர்ச் சந்தையில் குவியும். மிக்ஸருக்காக அவரைப் பருப்பைப் பொரிக்கிறார்கள். அதற்குப் பதில் பச்சைக் கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி, பிதுக்கம்பருப்புச் சுண்டல் செய்து பாருங்கள். கடுகு தாளித்துத் தேங்காய் தூவினால் போதும். பிதுக்குகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே முடித்துவிடுவார்கள். தாங்களே பிதுக்கியதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அச்சு முறுக்கு நம் தீபாவளிக்கும் உண்டு, நம் ஊர் ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கிறிஸ்மஸுக்கு ரோஸ் குக்கி என்ற பேரிலும் உண்டு. பண்டிகைப் பலகாரத்துக்கு மாற்று தேட வேண்டியதில்லை. வருஷத்தில் நாலு நாள் சாப்பிடுகிற பலகாரம் யாரையும் படுக்க வைக்காது. பண்டிகைப் பலகாரம் தினப் பலகாரம் ஆனதுதான் தொந்தரவு.

குடிப்பது

பல கோலா பானங்களில் நூறு மில்லிக்குப் பத்துப் பதினோரு கிராம் சர்க்கரை. கால் லிட்டர் பாட்டிலில் 25 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து டீஸ்பூனுக்கு மேல். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சொல். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஐந்து சதவீதம் என்றால் 25 கிராம். ஒரு பாட்டிலிலேயே கணக்கு முடிந்துவிட்டது. மாற்று நீர்மோர். சுக்கு, கறிவேப்பிலை, துளி உப்பு. எங்கள் வீட்டில் பச்சை இஞ்சி சேர்ப்பதில்லை, காய்ந்த சுக்கு உண்டு.

பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்பது காரணம். பிள்ளைக்குப் பால் பிடிக்கவில்லை என்றால் வறுத்த ராகி மாவு, பொட்டுக்கடலை மாவு, ஏலக்காய் கலந்து வைத்துக்கொண்டு பாலில் காய்ச்சிக் கொடுங்கள். வெல்லம் ஒரு ஸ்பூனோடு நிற்கட்டும்.

ராத்திரி

எங்கள் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது நியமம். சிற்றுயிர்கள் சாகக் கூடாது என்ற அகிம்சை நோக்கில் வந்தது. ராத்திரி நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் சக்தி குறைகிறது என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் ஒன்பது மணிக்கு ரயிலை விட்டு இறங்குகிறவரிடம் ஆறு மணிக்குச் சாப்பிடு என்று உபதேசம் செய்வது தர்மம் ஆகாது. அவருக்கு வேறு வழி உண்டு. ரயிலேறும்போது சின்ன டப்பாவில் சுண்டலோ வறுகடலையோ இருக்கட்டும். ஆறு மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டால் ஸ்டேஷனில் பப்ஸ் வாங்கும் பசி இருக்காது. வீட்டில் இரண்டு ராகி தோசையோடு ராத்திரிச் சாப்பாடு முடியும். பாக்கெட்டில் வரும் மைதா பரோட்டா ராத்திரி பத்து மணிக்கு வேண்டவே வேண்டாம்.

மாற்று போலத் தெரிபவை

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்பார்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். அளவைக் குறைத்தால் மட்டுமே பலன். பழுப்பு ரொட்டி எல்லாம் கோதுமை ரொட்டி ஆகாது. சிலவற்றில் மைதாவும் கேரமல் நிறமும் இருக்கும். எண்ணெயில் பொரித்த ராகி சிப்ஸ் பொரித்த சிப்ஸ்தான். அப்பளத்தைச் சுட்டால் எண்ணெய் மிச்சம், உப்பு மிச்சம் ஆகாது. ஒன்றோடு நிறுத்த வேண்டும்.

எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, கடலை, தானியம் எதையும் டாக்டரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் சர்க்கரை இறங்கிப் போகலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழு வேர்க்கடலை கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிற வீட்டில் மறுவாரம் எதுவும் மிச்சம் இருக்காது. ஒரு மாதத்துக்கு ஒன்று போதும். இந்த மாதம் குளிர்பானம், அடுத்த மாதம் சிப்ஸ், அதற்கடுத்து நூடுல்ஸ். வருஷம் முடியும்போது பன்னிரண்டு மாறியிருக்கும்.

பிள்ளைகள் வீட்டில் சொல்வதைக் கேட்பதை விட, நாலு பேர் கூடும் இடத்தில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துத்தான் கற்கிறார்கள். அதனால் அடுத்த பொங்கல் விழாவில் மிக்ஸர் பாக்கெட்டுக்கும் குளிர்பானத்துக்கும் பதிலாகச் சுண்டலும் நீர்மோரும் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கும் போட்டுவிட்டேன். ஆளுக்கு 40 கிராம் கொண்டைக்கடலை. இருநூறு பேருக்கு எட்டுக் கிலோ. ராத்திரி ஊறவைத்தால் காலையில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், தொன்னை நிறையக் கொடுக்கலாம். எட்டுக் கிலோ கடலை எங்கள் கடையிலிருந்து வந்துவிடும். வேகவைத்துத் தாளிக்க நாலு பேர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் செயலாளரிடம் கொடுக்கலாம்.